பாலில்லா நுரையோடு ஐஸ் காபி: அளவும் பதமும்

பால் சேர்க்காத ஐஸ் காபியில் கணக்கு தப்புவது இரண்டு இடங்களில். ஒன்று ஐஸ்: முதல் வாய் குடிக்கும்போதே காபி நீர்த்துக் கிடக்கும். இன்னொன்று நுரை: ஊற்றி மூன்று நிமிடம் ஆவதற்குள் கிளாஸ் ஓரத்தில் நாலு குமிழ் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலோர் நுரைக்கு மட்டும் மெனக்கெட்டுவிட்டு, அடியில் இருக்கும் காபியை ஏதோ ஒரு கணக்கில் கலக்கிவிடுகிறார்கள். சூடு தணியாத காபியின் மேல் எவ்வளவு நல்ல நுரையை வைத்தாலும் சீக்கிரம் படுத்துவிடும். அதனால் முதலில் காபி, பிறகு நுரை.

நுரை பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். கேக்கின் மேல் வைக்கிற மாதிரி கூர்கூராக நிற்கும் நுரை இங்கே வேண்டாம். அது காபியின் மேல் மூடியாக உட்கார்ந்துகொள்ளும். காபி தனியாக, நுரை தனியாகக் கடைசிவரை சேராது. வேண்டியது ஊற்ற வரும் நுரை. கரண்டியைத் தூக்கினால் நாடா போல விழுந்து, விழுந்த தடம் இரண்டு மூன்று விநாடி மேலே தெரிந்து, பிறகு மறைய வேண்டும். கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்தப் பதத்துக்கானவை.

ஐஸ் எவ்வளவு உருகும்

ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 334 ஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. ஃப்ரீசரிலிருந்து −18 டிகிரியில் வரும் கட்டி 0 டிகிரிக்கு ஏறுவதையும், உருகிய தண்ணீர் 5 டிகிரிக்கு வருவதையும் சேர்த்தால் கிராமுக்குச் சுமார் 390 ஜூல். 90 டிகிரி சூட்டில் உள்ள 100 மி.லி. காபியை 5 டிகிரிக்கு இறக்க 35,500 ஜூல் அளவு வெப்பம் வெளியேற வேண்டும். வகுத்தால் 90 கிராம் ஐஸ் காலி. அதாவது கொதிக்கக் கொதிக்க ஐஸ் மேல் ஊற்றினால் கிளாஸில் இருப்பதில் கிட்டத்தட்டப் பாதி வெறும் தண்ணீர். அதே காபி 25 டிகிரிக்கு ஆறியிருந்தால் 21 கிராம்தான் உருகும். ஃபிரிட்ஜிலிருந்து 5 டிகிரியில் எடுத்து ஊற்றினால் உருகுவது கணக்கில் வராது.

இதிலிருந்து மூன்று வழிகள் கிடைக்கின்றன. நேரம் இருப்பவருக்கு கோல்டு ப்ரூ (தூளைக் குளிர்ந்த நீரிலேயே பல மணி நேரம் ஊறவைத்து வடிப்பது), அவசரக்காரருக்கு ஐஸ் மேலேயே நேராக வடிப்பது, இரண்டும் முடியாதவருக்கு இன்ஸ்டன்ட்.

கோல்டு ப்ரூவுக்கு 100 கிராம் காபித்தூள், 600 மி.லி. தண்ணீர். தூள் கரகரப்பாக, கல் உப்பு அளவுக்கு இருக்க வேண்டும். நைஸாக அரைத்த தூளைப் போட்டால் வடிகட்டுவதற்குள் பொறுமை போய்விடும், வண்டலும் தங்கும். மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜுக்குள் 14 முதல் 16 மணி நேரம். முதலில் துணியில் வடித்து, பிறகு காகித ஃபில்டரில் இன்னொரு முறை வடிக்க வேண்டும். தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் 600 மி.லி.யில் கைக்கு வருவது 400 மி.லி. அளவுதான். துணியை முறுக்கிப் பிழிந்து மிச்சத்தையும் எடுக்கத் தோன்றும். எடுத்தால் கசப்பும் வண்டலும் கூடவே வரும்.

காகிதத்தில் இரண்டாம் முறை வடிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. காபியில் எண்ணெய் இருக்கிறது. துணியும் உலோகச் சல்லடையும் அதை விட்டுவிடும், காகிதம் பிடித்துக்கொள்ளும். காபியின் மேற்பரப்பில் எண்ணெய் மினுமினுத்தால் அதைத் தொடும் நுரை அடியிலிருந்து கரையத் தொடங்கும்.

ஐஸ் மேல் நேராக வடிப்பதற்கு 25 கிராம் காபித்தூள், மொத்தத் தண்ணீர் 400 கிராம். அதில் 240 மி.லி. சுடுதண்ணீர், 160 கிராம் ஐஸ். ஐஸைக் கீழ்ப் பாத்திரத்தில் போட்டு, மேலே ஃபில்டரை வைத்து, 93 டிகிரி அளவில் உள்ள தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். தூள் பிடித்துக்கொண்டது போக இறங்கும் காபியைக் குளிர்விக்க 150 கிராம் ஐஸ் உருகும். அந்தத் தண்ணீரை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துவிட்டதால் காபி நீர்க்காது. பரிமாறும்போது புது ஐஸ் போட வேண்டும். காபி ஏற்கெனவே குளிர்ந்திருப்பதால் அது மெதுவாகத்தான் உருகும். சுடுதண்ணீரின் அளவு குறைவாக இருப்பதால் தூளை வழக்கத்தைவிட ஒரு படி நைஸாக அரைக்கலாம். இல்லாவிட்டால் சாரம் முழுதாக இறங்காமல் புளிப்பு மட்டும் தெரியும்.

இன்ஸ்டன்ட் தூள் என்றால் 2 டீஸ்பூனை 30 மி.லி. வெந்நீரில் கரைத்து, பிறகு 120 மி.லி. குளிர்ந்த தண்ணீர். முழு அளவையும் வெந்நீரிலேயே கரைத்துவிட்டு ஐஸ் போடுவதுதான் பலர் செய்வது. சூடாக இருக்கவேண்டியது தூள் கரையும் அந்த 30 மி.லி. மட்டுமே. எஸ்ப்ரெஸோவும் இதே ரகம்: 40 மி.லி. டபுள் ஷாட்டை நேராக ஐஸ் மேல் ஊற்றினாலும் 30 கிராமுக்குள்தான் உருகும், பாதகமில்லை.

கட்டி பெரிதாக இருந்தால் உருகுவது தாமதமாகும். நொறுக்கிய ஐஸ் இந்தப் பானத்துக்குச் சரிவராது. மிஞ்சிய காபியை ஐஸ் டிரேயில் ஊற்றி உறையவைத்துப் போடுவதும் நல்ல வழிதான். ஆனால் கடைசியில் காபி கெட்டியாகிக்கொண்டே போகும் என்பதால் பாதி காபி ஐஸ், பாதி சாதா ஐஸ் என்று கலந்து போடுவது நாக்குக்கு இதம்.

நுரையை எது பிடித்து நிறுத்துகிறது

காற்றுக் குமிழைச் சுற்றி ஒரு சுவர் வேண்டும். மாட்டுப்பாலில் அந்த வேலையைக் கேசினும் மோர்ப் புரதமும் செய்கின்றன. பாலில்லாத இடத்தில் சோயா, பட்டாணி, கொண்டைக்கடலை போன்ற பயறுகளின் புரதம் கைகொடுக்கும். சுவர் உருவானால் மட்டும் போதாது. குமிழ்களுக்கு இடையில் இருக்கும் நீர் கீழே வடிந்துகொண்டே இருக்கும். வடிய வடியச் சுவர் மெலிந்து உடையும். சர்க்கரையோ கம்மோ (திரவத்தைக் கெட்டியாக்கும் பிசின் பொடி) சேர்த்து அந்த நீரைக் கெட்டியாக்கினால் வடிவது தாமதப்படும். குளிரும் அதையேதான் செய்கிறது.

எதிரி எண்ணெய். இங்கே ஒரு குழப்பம் வரும்: காபிக்கென்றே கடையில் கிடைக்கும் 'பாரிஸ்டா' ஓட்ஸ் பாலில் தாவர எண்ணெய் சேர்த்திருக்கிறார்களே, அது எப்படி நுரைக்கிறது? அங்கே எண்ணெய் மிக நுண்ணிய துளிகளாக உடைக்கப்பட்டு, ஒவ்வொரு துளியும் உறை போட்டுத் தனித்தனியாக மிதக்கிறது. அது நுரைக்குக் கொழுமை தரும். விரல்பட்ட பிசுக்கு, சரியாகக் கழுவாத பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஒட்டியிருக்கும் நெய்ப்பசை போன்ற கட்டற்ற எண்ணெய்தான் சுவரைக் கிழிக்கிறது. ஆகவே கண்ணாடி அல்லது ஸ்டீல் பாத்திரம். அடிக்கும் முன் வினிகர் தொட்ட காகிதத்தால் ஒரு துடைப்பு, பிறகு தண்ணீரில் ஓர் அலசல்.

எந்தப் பால்

வீட்டிலேயே பால் எடுக்கிறவர்களுக்கு என் ஓட்டு சோயாவுக்கு. அதில் புரதம் 3 சதவீதம் அளவில், மாட்டுப்பாலுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்கிறது. 100 கிராம் சோயா பீன்ஸை 8 முதல் 10 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, 700 மி.லி. புதுத் தண்ணீரில் மிக்ஸியில் அரைத்து, நெருக்கமான துணியில் பிழிய வேண்டும். அடுப்பில் வைத்த பிறகு கவனம் தேவை. 80 டிகிரியைத் தாண்டும்போதே நுரை பொங்கி எழும். பார்த்தால் கொதித்துவிட்ட மாதிரியே இருக்கும், கொதித்திருக்காது. அங்கே அடுப்பை அணைத்தால் பச்சை வாடையும் போகாது, செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பானும் செயலிழக்காது. தீயைக் குறைத்து நுரையை அடக்கி, உண்மையான கொதி வந்தபின் 15 நிமிடம் சிறு தீயில் விட வேண்டும். அடிபிடிக்கும், கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறும்போது மேலே படியும் ஆடையை எடுத்துவிட்டு மறுபடி வடிகட்டினால்தான் நுரை வழவழப்பாக வரும். ஆடைத் துணுக்கு ஃபிராதரின் (நுரையடிக்கும் சிறு கருவி) சுருளில் சுற்றிக்கொண்டால் காற்றே ஏறாது.

சோயாவின் குறை, காபியில் திரிவது. சோயாப் புரதம் பி.எச். 4.5ஐ ஒட்டிய அமிலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரளும். காபி பி.எச். 5 அளவில் இருக்கிறது. எல்லைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. சூடு சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும். ஐஸ் காபியில் சூடு இல்லாததால் பாதிப் பிரச்சினை தானே தீர்கிறது. மீதிக்கு லைட் ரோஸ்ட்டைத் தவிர்த்து மீடியம் அல்லது டார்க் ரோஸ்ட் போட்டால் போதும். அப்படியும் துகள் துகளாகத் தெரிந்தால், 200 மி.லி. காபிக்கு ஒரு சிட்டிகை, அதாவது 0.2 கிராம் சமையல் சோடா. அதற்கு மேல் போனால் காபியில் சோப்பு நெடி அடிக்கும்.

ஓட்ஸ் பாலை வீட்டில் எடுத்தால் நுரைக்காது. புரதம் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், மாவுச்சத்துதான் அதிகம். கூடுதல் நேரம் அரைத்தால் வழவழவென்று கோந்து மாதிரி ஆகிவிடும். கடைச் சரக்கில் நொதி சேர்த்து மாவுச்சத்தை உடைத்திருப்பார்கள். கூடவே எண்ணெயும், அமிலத்தைச் சமப்படுத்த டைபொட்டாசியம் ஃபாஸ்பேட் போன்ற உப்பும் சேர்த்திருப்பார்கள். அதனால் நுரைக்காக ஓட்ஸ் பால் வாங்குவதென்றால் பாரிஸ்டா வகைதான், சாதா வகை வாங்கிப் பயனில்லை. பெட்டியை நன்றாகக் குலுக்கிய பிறகே ஊற்ற வேண்டும். எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும், கனமானவை அடியில் தங்கும். பாதாம் பாலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடைப் பாதாம் பாலில் பாதாமே கொஞ்சம்தான். நுரை வந்த வேகத்தில் போகும்.

தேங்காய்ப்பால் தனி ஜாதி. அதில் நுரையைத் தாங்குவது புரதம் அல்ல, உறைந்த கொழுப்பு. தேங்காயின் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே கெட்டியாகும். கொழுப்பு குறைக்காத டின்னை ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்து, குலுக்காமல் திறந்து, மேலே கட்டியாக நிற்பதை மட்டும் வழித்து அடித்தால் நன்றாக எழும்பும். குழம்பாக்கியும் (கொழுப்பையும் நீரையும் பிரியாமல் வைக்கும் பொருள்) கம்மும் சேர்த்த டின்கள் பிரியாது; உட்பொருள் பட்டியலில் தேங்காய், தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லாததாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஆனால் இதை அப்படியே ஐஸ் காபியின் மேல் போட்டால் குளிரில் கொழுப்பு இன்னும் இறுகி வெள்ளைத் துணுக்குகளாக மிதக்கும், உதட்டில் மெழுகாக ஒட்டும். 40 கிராம் தேங்காய் கிரீமை முதலில் மெதுவாக அடித்து, 30 மி.லி. சோயா பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக்கொண்டே கலந்தால் இறுக்கம் தளர்ந்து ஊற்றும் பதத்துக்கு வரும்.

அடிக்கும் முறை

ஒரு கிளாஸுக்கு 60 மி.லி. குளிர்ந்த சோயா பால் அல்லது பாரிஸ்டா ஓட்ஸ் பால், 5 மி.லி. சர்க்கரைப் பாகு. பாகு என்றால் எடைக்கு எடை சர்க்கரையும் தண்ணீரும் சூடாக்கிக் கரைத்து ஆறவைத்தது. குளிர்ந்த பானத்தில் சர்க்கரையை நேராகப் போட்டால் அடியில் மணலாகக் கிடக்கும்.

நுரை பத்துப் பதினைந்து நிமிடம் நிற்க வேண்டுமானால் சாந்தன் கம் 0.1 சதவீதம் போதும். 60 மி.லி.க்கு 0.06 கிராம், சமையலறைத் தராசு இதைக் காட்டாது. கத்தி முனையில் எடுத்துப் போட்டால் ஒருநாள் சளி போல இழுக்கும், ஒருநாள் ஒன்றுமே தெரியாது. இதற்கு ஒரு தந்திரம் உண்டு: 1 கிராம் சாந்தன் கம்மை 50 கிராம் பொடித்த சர்க்கரையோடு உலர்ந்த நிலையிலேயே நன்றாகக் கலந்து டப்பாவில் போட்டு வைத்துக்கொள்வது. இந்தக் கலவையில் 3 கிராம் எடுத்தால் அதில் 0.06 கிராம் கம் இருக்கும். பாகுக்குப் பதிலாக இதைத் தூவி அடிக்கலாம். சர்க்கரை நடுவில் நின்று கம் துகள்களைப் பிரித்துவைப்பதால் கட்டி தட்டாது. கம்மைத் தனியாகப் பாலில் தூவினால் ஒவ்வொரு துகளும் வெளியே ஜெல்லாகி, உள்ளே உலர்ந்த மாவாகவே நின்றுவிடும்.

பேட்டரி ஃபிராதருக்கு உயரமான ஒடுங்கிய கிளாஸ் தேவை. பால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கிளாஸைச் சற்றே சாய்த்து, சுருள் பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி பிடித்து 10 விநாடி. அப்போதுதான் காற்று உள்ளே போகும். சரசரவென்று சத்தம் கேட்கும். பிறகு சுருளை அடிக்கு இறக்கி 15 விநாடி. இந்த இரண்டாம் கட்டத்தில் புதுக் காற்று போவதில்லை, பெரிய குமிழ்கள் உடைந்து சிறிதாகின்றன. முதல் கட்டத்தை மட்டும் செய்துவிட்டு நிறுத்துகிறவர்களுக்குத்தான் சோப்புத் தண்ணீர் மாதிரி குமிழ் வருகிறது. கடைசியில் கிளாஸை மேசைமேல் இரண்டு தட்டு. அளவு ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்குள் வந்தால் பதம் சரி. அதற்குமேல் எழும்பியிருந்தால் காற்று கூடிப்போய், ஊற்றும்போது திட்டுத்திட்டாக விழும்.

பிரெஞ்ச் பிரஸ் (சல்லடையை அழுத்திக் காபி வடிக்கும் குடுவை) இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குச் செய்யலாம். 350 மி.லி. பாத்திரத்தில் 100 மி.லி. பாலுக்கு மேல் வேண்டாம். சல்லடை பாலின் மேல்மட்டத்தை ஒவ்வொரு முறையும் தாண்டி வரும்படி 30 முதல் 40 தடவை ஏற்றி இறக்க வேண்டும். காபி போட்ட பிரஸ் என்றால் சல்லடையைக் கழற்றி வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்த பிறகே. இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் காபி எண்ணெய் முழுக் கலவையையும் கெடுத்துவிடும். எதுவும் இல்லாதவர் மூடி இறுகிய பாட்டிலில் ஊற்றி ஒரு நிமிடம் குலுக்கலாம். குமிழ் பெரிதாகத்தான் வரும். குடிக்க முடியாதது ஒன்றுமில்லை.

கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர்

அக்வாஃபாபா என்று இப்போது எல்லோரும் சொல்வது இதைத்தான். பயறு வெந்த நீர் நுரைக்கும் என்பதை 2014இல் பிரான்சின் ஜோயல் ரோசல் வெளியில் சொன்னார். மறு ஆண்டு அமெரிக்காவின் கூஸ் வோல்ட் இதற்குப் பெயரும் வைத்து, இதை வைத்தே மெரிங்கு (வழக்கமாக முட்டை வெள்ளைக்கருவை அடித்துச் செய்யும் இனிப்பு) செய்துகாட்டினார். வேகும்போது நீரில் இறங்கும் புரதம், மாவுச்சத்து, சோப்பு போல நுரைக்கும் சபோனின் மூன்றும் சேர்ந்து முட்டை வெள்ளைக்கரு செய்யும் வேலையைச் செய்கின்றன.

200 கிராம் கொண்டைக்கடலையை 10 முதல் 12 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். ஊறிய தண்ணீரைக் கண்டிப்பாகக் கொட்டிவிட வேண்டும்; வேகாத அந்த நீர் நுரைக்கும் என்றாலும் குடிப்பதற்கல்ல. புதுத் தண்ணீர் 500 மி.லி., உப்பு கிடையாது, சமையல் சோடாவும் கிடையாது. குக்கரில் அழுத்தம் ஏறியபின் தீயைக் குறைத்து 25 முதல் 30 நிமிடம். வெந்ததும் உடனே வடிக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். ஆறிய பிறகு கடலையோடு சேர்த்தே ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி விட்டால்தான் சத்து முழுதாக நீரில் இறங்கும். மறுநாள் வடித்த நீரை இரண்டு விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பார்த்தால் லேசாக வழுக்க வேண்டும். தண்ணீராக ஓடினால் சிறு தீயில் மூன்றில் ஒரு பங்கு வற்றும்வரை சுண்டவைத்து ஆறவிட வேண்டும். டின்னில் வரும் கடலையின் நீரும் ஆகும், உப்பில்லாததாக இருந்தால்.

60 மி.லி. குளிர்ந்த அக்வாஃபாபாவோடு கால் டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு அல்லது ஒரு சிட்டிகை கிரீம் ஆஃப் டார்ட்டர் சேர்த்து எலெக்ட்ரிக் பீட்டரில் அடிக்க வேண்டும். சிறிது அமிலம் இருந்தால் புரதம் குமிழ்ச் சுவரில் இறுக்கமாகப் படியும். இரண்டு நிமிடத்தில் வெள்ளையாக நுரைத்ததும் 20 கிராம் பொடித்த சர்க்கரையை மூன்று தவணையாகப் போட்டு, நாடா பதம் வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். கையால் அடிப்பதென்றால் நேரமும் தோள்வலியும் இரட்டிப்பு. இந்த அளவு மூன்று நான்கு கிளாஸுக்குக் காணும்.

சர்க்கரையைக் குறைக்கலாமா என்றால், குறைக்கலாம். நிற்கும் நேரமும் அதற்கேற்பக் குறையும். 10 கிராமுக்குக் கீழே போனால் மேலே சொன்ன சாந்தன் கலவையைத் துணைக்குக் கூப்பிட வேண்டியதுதான்.

கடலை வாடை வரும் என்பது பலருடைய தயக்கம். உண்மைதான், தனியாக வாயில் வைத்தால் தெரியும். ஒரு சொட்டு வெனிலா சாறும் அடியில் அழுத்தமான காபியும் இருந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். வெனிலாவை அளவோடு விட வேண்டும். அதிலிருக்கும் ஆல்கஹால் கூடினால் நுரை இளகும். எண்ணெயில் கரைத்த எசென்ஸ்களைத் தொடவே வேண்டாம்.

அக்வாஃபாபாவுக்கு உள்ள உண்மையான குறை வேறு. அதில் கொழுப்பு இல்லாததால் வாயில் வைத்ததும் காற்றாக மறைந்துவிடும், பால் நுரையின் கனம் இருக்காது. நாடா பதம் வந்தபிறகு 30 மி.லி. பாரிஸ்டா ஓட்ஸ் பாலைக் கரண்டியால் மெல்ல மடித்துக் கலந்தால் அந்தக் கனம் வரும். ஓட்ஸ் பாலை முதலிலேயே சேர்த்து அடித்தால் எழும்பாது. வரிசை மாறினால் அதே பொருட்களில் வேறு விளைவு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்தச் சமையலறையில் கிடையாது.

காபியே நுரையாகும்போது

2020இல் உலகமெங்கும் சுற்றிவந்த டல்கோனா காபியின் நுரையில் பால் கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பால் அடியில்தான் இருக்கிறது; அந்த இடத்தில் சோயாவோ ஓட்ஸோ ஊற்றினால் வேலை முடிந்தது. இன்ஸ்டன்ட் காபித்தூள், சர்க்கரை, வெந்நீர் மூன்றும் தலா 2 டேபிள்ஸ்பூன், இரண்டு கிளாஸுக்கு. பீட்டரில் 3 முதல் 5 நிமிடம் அடித்தால் வெளிர் பழுப்பாகக் கெட்டிப்படும். இன்ஸ்டன்ட் தூளில் நீரில் கரையும் திடப்பொருள் செறிவாகவும் எண்ணெய் மிகக் குறைவாகவும் இருப்பதால்தான் இது நடக்கிறது. டிகாஷனையோ எஸ்ப்ரெஸோவையோ இப்படி அடித்து நிறுத்த முயல்வது வீண் வேலை.

சர்க்கரை இல்லாமலும் நுரை எழும்பும், ஆனால் சீக்கிரம் நீர் பிரிந்து விழுந்துவிடும். பாதியாக்கினால் தாக்குப்பிடிக்கும். இதன் நுரை மிகக் கெட்டி, கசப்பும் அதிகம். மேலே சொன்ன மூடிப் பிரச்சினை முழுசாக இங்கே இருக்கிறது. அடித்து முடித்தபின் 2 டீஸ்பூன் குளிர்ந்த சோயா பாலை விட்டு மடித்துக் கலந்தால் தானாக வழிந்து இறங்கும் பதத்துக்கு வரும். புகைப்படத்தில் அழகு குறையும், குடிக்கும்போது நன்றாக இருக்கும்.

கிளாஸில் சேர்ப்பது

350 மி.லி. கிளாஸுக்குக் கணக்கு: அடியில் 10 மி.லி. பாகு, அதன்மேல் 80 மி.லி. கோல்டு ப்ரூ, 60 மி.லி. குளிர்ந்த தண்ணீர் அல்லது தாவரப் பால். இந்த இடத்திலேயே கிண்டிவிட வேண்டும், நுரை விழுந்தபின் கரண்டி உள்ளே போகக் கூடாது. பிறகு 100 கிராம் ஐஸ். கட்டிகள் காபியின் மட்டத்துக்கு மேல் முட்டிக்கொண்டு நின்றால் அதன் முனைகள் நுரையைக் கிழித்து, கீழே ஓட்டை விழும். ஒரு கட்டியை எடுத்துவிடலாம், அல்லது இரண்டு விரற்கடை காபி ஏற்றலாம். விளிம்பிலிருந்து 3 செ.மீ. இடம் விட்டு, கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் நுரையை மெதுவாக வழியவிட வேண்டும். உயரத்திலிருந்து ஊற்றினால் நுரை காபியைத் துளைத்துக்கொண்டு போய்ப் பாதி கரைந்துவிடும்.

நுரையில் ஒரு சிட்டிகை உப்பு, 60 மி.லி.க்கு 0.3 கிராம் அளவில், சேர்த்து அடித்தால் காபியின் கசப்பு அடங்கும். டார்க் ரோஸ்ட்டுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. மேலே தூவுவதற்கு லவங்கப்பட்டைப் பொடி, ஜாதிக்காய்ப் பொடி எதுவும் சரி. கோகோவில் கொழுப்பு இருக்கிறது. மெல்லிய படலமாகத் தூவினால் பரவாயில்லை, குவித்தால் அந்த இடம் பள்ளம் விழும்.

உறிஞ்சு குழல் வேண்டாம். குழல் அடியில் இருக்கும் காபியை மட்டும் இழுக்கும். மேலே போட்ட உழைப்பு கடைசிவரை மேலேயே இருக்கும்.

எங்கே பிசகுகிறது

நுரை ஒரு நிமிடத்தில் அடங்கினால் முதலில் பாத்திரத்தைச் சந்தேகிக்க வேண்டும், அடுத்து பாலின் குளிரை. 5 டிகிரியில் நன்றாக நிற்கும் சோயா நுரை, வெளியில் அரை மணி வைத்த பாலில் வராது. கிண்ணத்தையும் பீட்டர் கம்பிகளையும் 10 நிமிடம் ஃப்ரீசரில் வைத்தெடுத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இரண்டும் சரியாக இருந்தும் அடங்கினால் பெட்டியின் பின்பக்கம் பார்க்க வேண்டும்: 100 மி.லி.க்குப் புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு என்றால் அந்தப் பாலோடு போராடிப் பயனில்லை. சுவை சேர்க்காத பட்டாணிப் புரதத் தூள் 1.5 கிராமை 100 மி.லி. பாலில் கலந்து ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி ஊறவைத்தால் ஓரளவு தேறும். ஊறாமல் உடனே அடித்தால் நாக்கில் நறநறக்கும்.

நுரைக்கும் காபிக்கும் நடுவில் கலங்கலான நீர்ப் பட்டை தெரிந்தால் அது வடிநீர்; கம்மோ சர்க்கரையோ போதவில்லை. நுரை மொத்தமாகக் காபியில் இறங்கிக் கலந்துவிட்டால் காற்று போதவில்லை, முதல் 10 விநாடியை 15 ஆக்க வேண்டும். கரண்டியிலிருந்து உதறினால்தான் விழுகிறது என்றால் அடித்தது அதிகம். ஒரு டீஸ்பூன் குளிர்ந்த பாலை விட்டு மடித்தால் திரும்பி வரும். அக்வாஃபாபா பத்து நிமிடமாகியும் தண்ணீராகவே சுற்றினால் இன்னும் சுண்டவைக்க வேண்டும், அல்லது எங்கோ பிசுக்கு இருக்கிறது.

கோல்டு ப்ரூ மூடிய பாட்டிலில் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். அதற்குள் மணம் மெல்லக் குறையும் என்பதால் நாலைந்து நாளில் தீர்த்துவிடுவது நல்லது. வீட்டுச் சோயா பாலும் அக்வாஃபாபாவும் மூன்று நாள். அக்வாஃபாபாவை ஐஸ் டிரேயில் உறையவைத்துக்கொள்ளலாம், உருகியபின்னும் நுரைக்கும். அடித்த நுரையை எடுத்து வைக்க முடியாது. அக்வாஃபாபா நுரை நீர் பிரிந்திருந்தால் மறுபடி அடித்தால் எழும்பும், முதல் தடவை அளவுக்கு வராது.

பால் ஒவ்வாமை உள்ளவருக்குச் செய்வதென்றால் இரண்டு டப்பாக்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். காபித்தூள், சர்க்கரை, கிரீமர் மூன்றும் ஒன்றாகக் கலந்து வரும் இன்ஸ்டன்ட் காபிப் பொட்டலங்களில் பெரும்பாலும் பால் சார்ந்த பொருள் இருக்கும். 'நான்-டெய்ரி கிரீமர்' என்று எழுதியிருந்தாலும் பட்டியலில் சோடியம் கேசினேட் இருக்கக்கூடும். அது பாலிலிருந்து எடுத்த புரதமேதான். சோயாவுக்கு ஒவ்வாமை இருந்தால் கொண்டைக்கடலை, பட்டாணி இரண்டும் அதே பயறு இனம்தான் என்பதால் கேட்டுக்கொண்டு தருவதே பாதுகாப்பு. அவர்களுக்கு பாரிஸ்டா ஓட்ஸ் பாலை எடுக்கலாம், அதன் பட்டியலிலும் பட்டாணிப் புரதம் இல்லையா என்று பார்த்துவிட்டு.